கோழிப் பண்ணையின் அளவும் கிணற்று நீரின் கேடும்

ஆயிரக் கணக்கில் கோழிகளை அடைத்து வளர்க்கும் பெரும் பண்ணைகளால்தான் கிணறும் காற்றும் கெடுகின்றன என்றும், சிறு குடியானவரின் கொட்டகையால் யாதொரு தீங்குமில்லை என்றும் கிராமங்களில் பலர் எண்ணுகின்றனர். இது பாதிதான் சரி. பண்ணை பெரிதா சிறிதா என்பதைவிட, அதில் விழும் எச்சத்தை ஏற்க நிலம் எவ்வளவு உண்டு என்பதே கவனிக்கத் தக்கது.

முற்காலத்தில் கொங்கு நாட்டாருக்கு இக்கணக்கு வேண்டியிருக்கவில்லை. கொறங்காட்டில் மேய்ந்த காங்கயம் மாடுகளின் சாணம் குப்பைக் குழிக்கும், அங்கிருந்து தோட்டத்துக்கும் போயிற்று. ஆட்டுப் பட்டியைக் காடுதோறும் மாற்றிப் போட்டனர். 1970-க்குப் பின் நாமக்கல்லில் முட்டைக் கோழியும், 1990-க்குப் பின் பல்லடம், உடுமலைப் பகுதிகளில் ஒப்பந்த முறையில் கறிக்கோழியும் பெருகவே, இவ்வட்டம் அறுந்தது. மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் பெரும்பாலும் வெளி மாநிலங்களிலிருந்து வருகின்றன; எச்சம் இங்கே தங்குகிறது.

கணக்கைச் சற்று விவரமாகப் பார்ப்போம். முட்டைக் கோழி ஒன்று நாளொன்றுக்கு உத்தேசம் 110 கிராம் தீவனம் தின்கிறது. அதில் நூற்றுக்கு 17 பங்கு புரதம். புரதத்தில் நூற்றுக்கு 16 பங்கு தழைச்சத்து. ஆக 3 கிராம் தழைச்சத்து உட்செல்கிறது. மூன்றிலொரு பங்கே முட்டையாகிறது; மற்ற 2 கிராம் எச்சத்தில் கழிகிறது. வருஷத்துக்கு 1,000 கோழிகளுக்குச் சுமார் 700 கிலோ. நீர் கெடக்கூடிய பகுதிகளில் கால்நடை எரு வழியாக ஹெக்டேருக்கு 170 கிலோ, அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 69 கிலோ தழைச்சத்துக்கு மேல் இடலாகாது என்பது 1991-ஆம் வருஷத்து ஐரோப்பிய நைட்ரேட்டு விதி. அவ்வளவுகோலின்படி 1,000 கோழிகளுக்கு 10 ஏக்கர் வேண்டும். பாதி அமோனியாவாகக் காற்றில் போயிற்றென்றே கொள்வோம் (அது அக்கம்பக்கத்தார் மூக்கைத்தான் சேர்கிறது). அப்பொழுதும் 10,000 கோழி வைத்திருப்பவருக்கு 50 ஏக்கர் தேவை. நம்மில் எத்தனை பேருக்கு அது உண்டு?

மிஞ்சியதை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. களிமண்ணும் அதைப் பற்றி நிறுத்தாது. நீரில் கரைந்து கீழிறங்கும். நமது செம்மண் காடுகளில் மேல்மண் ஆழமற்றது. அடியில் வெடிப்புள்ள பாறை. ஐப்பசி மழையில் கரைந்தது கிணற்றில் ஊறும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டு இருத்தலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மிகுந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குன்றி உடல் நீலம் பாரிக்கக் கூடும். காய்ச்சினால் தீருமென்பது தவறு. நீர் சுண்டச் சுண்ட நைட்ரேட்டின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது.

சிறு கொட்டகைகளைப் பற்றிய மயக்கம் இங்கேதான். ஒரே ஊரில் 20 பேர் ஆளுக்கு 5,000 பறவை வளர்த்தால் அது 1 லட்சப் பறவைப் பண்ணையே. ஊர்க் கிணறு பட்டா பிரித்துப் பார்ப்பதில்லை. 2020-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இட்ட உத்தரவுக்குப் பின் வந்த நெறிமுறைகளின்படி, 25,000 பறவைகளுக்கு மேற்பட்ட பண்ணைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற வேண்டும். மேற்சொன்ன 20 பேரும் தனித்தனியே அதில் அகப்படார். பெரும் பண்ணையாருக்கோ எருவை உலர்த்தும் களமும் லாரியில் வெளியூர் அனுப்பும் வசதியும் உண்டு. அவரால் வரும் கேடு பெரிது, அதைத் தடுப்பதும் அவருக்கே எளிது.

எருவைக் கிணற்றருகிலும் பள்ளத்தோரத்திலும் குவிக்கலாகாது. மேட்டில் தளமிட்டுக் கூரை வேய்ந்து வைக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் ஒழுகினால் அன்றே அடைக்க வேண்டும். ஈரமான எச்சத்தில்தான் ஈ முட்டையிடும். வெயில் நாளில் 7 முதல் 10 நாட்களில் அது ஈயாய்ப் பறக்கும். உலர்ந்த கோழி எருவில் நூற்றுக்கு 3 பங்கு தழைச்சத்து. தொழுவுரத்தில் அரைப் பங்கே. ஆறு வண்டித் தொழுவுரம் தருவதை ஒரு வண்டி தந்துவிடும். அதை இட்ட காட்டில் யூரியாவைக் குறைக்க ஏனோ நம்மவருக்கு மனம் வருவதில்லை.

கிராம அதிகாரிகள் கொட்டகைகளின் பறவைக் கணக்கை ஊர்வாரியாகக் கூட்டி எழுதி வைத்தல் நலம். சுற்றுக் கிணறுகளின் நீரை மழைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் சுத்தமான புட்டியில் எடுத்து, கிணற்றின் சர்வே எண்ணைச் சீட்டில் எழுதி ஒட்டி, தாமதமின்றிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.