பக்கத்தில் இருந்தால் மட்டும் போதுமா?

பெங்களூரில் விமான ஆராய்ச்சி நிலையங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அங்கே உருவான தேஜஸ் பறந்தது. அதற்காகவே தொடங்கிய காவேரி இன்ஜின் பின்தங்கியது. ஏன்?

வியாழக்கிழமை. பெங்களூர் விவேக் நகரில் குழந்தை இயேசு ஆலயத்தின் முன் கூட்டம் நெரிகிறது. மெழுகுவர்த்தி பேரம் தமிழிலும் கன்னடத்திலும் நடக்கிறது. வானத்தில் ஒரு ஜெட் இரைச்சல். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. கிழக்கே சில கிலோமீட்டரில் ஹெச்ஏஎல் ஓடுபாதை. பயணிகள் விமானங்கள் 2008ல் தேவனஹள்ளிக்குப் போய்விட்டன. சோதனை விமானங்கள் போகவில்லை.

போகவும் முடியாது. அந்த ஓடுபாதையைச் சுற்றித்தான் இந்திய விமான ஆராய்ச்சியே குடியிருக்கிறது. 1940ல் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் சமஸ்தானத்தின் உதவியுடன் விமானத் தொழிற்சாலை தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் இந்திய அறிவியல் கழகத்தில் விமானப் பொறியியல் துறை பிறந்தது. தேசிய விமானவியல் ஆய்வகம் (என்ஏஎல்) 1960ல் டெல்லியிலிருந்து வந்தது. இன்ஜின் ஆய்வு நிலையமான ஜிடிஆர்இ கான்பூரிலிருந்து வந்தது. 1984ல் இலகு ரகப் போர் விமானத்துக்காக ஏடிஏ உருவானது.

இப்படிக் கூடி வாழ்வதில் லாபம் உண்டு என்று 1890லேயே சொன்னவர் பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் ஆல்ஃப்ரட் மார்ஷல். ஒரே தொழில் செய்பவர்கள் ஒரே ஊரில் இருந்தால் தொழில் ரகசியம் ரகசியமாக இருக்காது என்பது அவர் கணிப்பு. அமெரிக்கக் காப்புரிமைகளை அலசி 1993ல் வெளியான ஆய்வு ஒன்றும் இதை உறுதிப்படுத்தியது: புதிய காப்புரிமைகள் எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாக உள்ளூர்க் காப்புரிமைகளை மேற்கோள் காட்டின.

தேஜஸ் இதற்கு நல்ல சாட்சி. இயல்பிலேயே நிலை தடுமாறும் வடிவமைப்பு கொண்ட விமானம் அது. கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி திருத்தாவிட்டால் பறக்காது. அந்தக் கட்டுப்பாட்டு விதிகளை உருவாக்க 1992ல் என்ஏஎல்லில் ஒரு தேசியக் குழு அமைந்தது. பல நிறுவனங்களின் பொறியாளர்கள் ஒரே வேலைக்காக ஒன்றுகூடினார்கள். சோதனை விமானிகள் சிமுலேட்டரில் 'பறந்து' பார்த்துக் குறை சொன்னார்கள். 1998 மே அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை விதித்தது; லாக்ஹீட் மார்ட்டினுடன் நடந்த கூட்டுப்பணி நின்றது. மிச்ச வேலையைப் பெங்களூரிலேயே முடித்தார்கள். 2001 ஜனவரி 4ல் விமானம் பறந்தது.

காவேரி இன்ஜினுக்கு அனுமதி கிடைத்தது 1989ல். ஜிடிஆர்இயும் அதே ஊரில், அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் இன்ஜினுக்குத் தேவைப்பட்ட உறவினர்கள் பக்கத்தில் இல்லை. வெப்பம் தாங்கும் உலோகக் கலவைகளுக்கு ஹைதராபாத். உயரத்தில் பறந்து சோதிக்க இந்தியாவில் வசதியே இல்லை. இன்ஜினை ரஷ்யாவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. விரும்பிய உந்துவிசை கிடைக்கவில்லை; எடையும் கூடியது. 2008ல் காவேரி, தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது.

வித்தியாசம் கிலோமீட்டரில் இல்லை. தவறு தெரிவதற்கும் அதைத் திருத்தி மறுபடி சோதிப்பதற்கும் நடுவே எவ்வளவு காலம் என்பதில் இருக்கிறது. கட்டுப்பாட்டுக் குழுவுக்கு சிமுலேட்டர் உள்ளூரிலேயே இருந்தது. இன்ஜின்காரர்களுக்கு சோதனைக்கூடம் கடல் கடந்து இருந்தது. அடுத்தடுத்த கட்டடங்கள் அந்தக் குறையை ஈடுகட்டவில்லை.

அதன் விலை இன்றும் கொடுக்கப்படுகிறது. தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்காக 2021ல் 99 அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் இன்ஜின்களுக்கு ஆர்டர் தரப்பட்டது. முதல் இன்ஜின் கைக்கு வந்தது 2025 மார்ச்சில். விமானத்தின் உடல் தயாராகி, இதயத்துக்காகக் காத்திருந்தது.

கோவை அருகே சூலூரில் தேஜஸ் படையணி இருக்கிறது. அங்கே எழும்பும் ஒவ்வொரு விமானத்திலும் பெங்களூரின் மூளை இருக்கிறது. இன்ஜின் மட்டும் இரவல்.