முறிந்த வாளும் ஓடின பட்டையும்

உத்திரமேரூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் இன்னும் அணையாத கொல்லுலை ஒன்றின் முன்னால் அரை மணி நேரம் நின்றிருந்தேன். அடைகல் மேல் லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று கிடந்தது. மூன்று விரல் அகலம், லேசான வளைவு, நடுவில் போல்ட் ஓட்டை. ஓட்டை பிடிப்பக்கம் வரும்படி சுண்ணக்கட்டியால் கோடு போட்டார் கொல்லர். புது இரும்பு வாங்குவதில்லையா என்று கேட்டேன். “ஓடின பட்டைதாங்க நிக்கும்” என்றார்.

பழையதை அறுத்துக் கத்தியாக்கும் இந்த வேலை லாரிக்கு ரொம்ப முந்தியது. 17ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூரில், ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த நெடுவாள்களின் அலகை நறுக்கிக் கட்டாரி செய்தார்கள். பிடியிலிருந்து நீளும் இரண்டு இரும்பு நாக்குகளுக்கு நடுவே அலகைச் செருகி ஆணி அறைந்துவிடுவார்கள். கையை மறைக்கும் தகட்டில் யாளியும் கொடியும் நம்மூர் வேலை. அலகின் நடுவே ஓடும் பள்ளம் மட்டும் சீமைக்காரன் போட்டபடியே இருக்கும். உலையில் மறுபடி காய்ச்சாததால் தோய்ச்சலும் கெடாது. என் கண்ணுக்கு யாளியைவிட அந்தப் பள்ளம்தான் அழகு.

19ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையைக் கலைத்தபோது, தேர்ந்தெடுத்த சிலவற்றை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாகத் தள்ளிவிட்டார்கள். தப்பியவை இன்று எழும்பூரில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. மற்றவை எந்த உலையில் எத்தனை அரிவாளாயினவோ. எங்கள் பக்கத்திலேயே, 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியின் படை கர்னல் பெய்லியை முறியடித்த புள்ளலூர் இருக்கிறது. அங்கே முறிந்த வாள்களுக்கும் கணக்கில்லை.

அன்றைய உருக்கு எஃகில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு வரை கரி இருந்தது. கூர் அபாரம், சூடு கொஞ்சம் மிஞ்சினால் நொறுங்கிப்போகும். லாரிப் பட்டையில் அரைப் பங்குக்குச் சற்று மேல்தான். பாறையில் பட்டாலும் முனை மழுங்குமே தவிர உடையாது. விறகு வெட்டுகிறவருக்கு அதுதான் வேண்டும்.

உலையும் மாறிவிட்டது. தோல் துருத்தி இருந்த இடத்தில் மின்சார ஊதுகுழல் இரைகிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கழிவு எண்ணெய் டப்பா. அரம் பிடித்து அரை நாள் ராவியதை கிரைண்டர் சில நிமிடத்தில் முடிக்கிறது. கொல்லரின் அப்பா காலத்தில் வருஷம் முழுக்கச் செய்த வேலைக்குக் கூலி களத்து மேட்டில் நெல்லாக அளந்து வந்தது. இப்போது கத்திக்கு இவ்வளவு என்று கையில் காசு. அது நல்லதுதான் என்கிறார், கடன் சொல்ல ஆளில்லை.

போனது கருக்கரிவாள். அறுப்புக்கு முன்னால் உலை வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்களாம். சின்ன உளியால் பல் பல்லாகக் கருக்கு வெட்டித் தர வேண்டும். இருட்டிலும் கை பிசகாது என்றார். அறுவடை இயந்திரம் வந்தபின் அந்த உளிக்கு வேலையில்லை. கூரையில் செருகியிருந்ததை எடுத்துக் காட்டினார், தலை காளானாக விரிந்திருந்தது.

பட்டை பழுத்தது. நாலு அடியில் வளைவு நிமிர்ந்தது. ஓட்டையை அடைக்க மாட்டீர்களா என்றேன்.

“எதுக்கு? ஆணியில மாட்ட ஆவும்.”