வீடியோ கேம் உருவாக்குவது ஒரு வாழ்க்கைத் தொழிலா?



ஒரு ஞாயிறு காலை. இரண்டாம் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். நம் பங்கில் ஆறேழு ஆண்டுகள் பீடப்பணி செய்த ஒரு மாணவனும் அவனுடைய தாயும் வாசலில் வந்து நின்றார்கள். "ஃபாதர், நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்க. பிளஸ் டூவுல நல்ல மார்க் எடுத்திருக்கான். என்ஜினியரிங் சேருடான்னா, வீடியோ கேம் செய்யற படிப்புதான் படிப்பேங்கிறான். விளையாட்டு சோறு போடுமா ஃபாதர்?" என்று அந்தத் தாய் கண் கலங்கினார். பையன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த ஞாயிறு வாங்கம்மா, பேசலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றியபோது, இதே கேள்வியோடு ஒரு தந்தை தம் மகனை அழைத்து வந்தார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "தம்பி, விளையாட்டு வேறு, வாழ்க்கை வேறு. அப்பா சொல்வதைக் கேள்" என்றேன். அவன் கேட்டான். பிடிக்காத படிப்பில் சேர்ந்து, பாதியிலேயே விட்டு வெளியேறினான். பிறகு கோயிலுக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டான். எனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றித் தெரிந்தவன்போல் தீர்ப்புச் சொன்னது என் தவறு. ஆகவே இம்முறை அந்த ஒரு வாரத்தை வாசிப்பதிலும், பெங்களூருவில் இத்துறையில் இருக்கும் நம் இளைஞர் சிலரிடம் விசாரிப்பதிலும் செலவிட்டேன். இதே கவலையோடு இருக்கும் மற்றப் பெற்றோருக்காகவும் அதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். நம் ஊரில் 'ஆன்லைன் கேம்' என்றதும் ரம்மிதான் நினைவுக்கு வருகிறது. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளை நாம் மறக்கவில்லை. தமிழ்நாடு அரசு 2022-இல் இதற்கெதிராகச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் அதே சட்டம், பணப் பந்தயம் இல்லாத விளையாட்டுகளை ஊக்குவிக்கவும் வழி செய்கிறது. நம் மாணவன் கேட்பது இந்த இரண்டாம் வகையை.

விளையாடுவது வேறு, உருவாக்குவது வேறு என்பதையும் மறக்கக் கூடாது. சாப்பாட்டுப் பிரியர்கள் எல்லாரும் சமையற்காரர்கள் அல்லவே! திரையில் ஒரு சிறுவன் படியேறிப் போகும் காட்சிக்குப் பின்னால் படம் வரைபவர், முப்பரிமாண உருவம் செய்பவர், அதற்கு அசைவு கொடுப்பவர், நிரல் எழுதுபவர், காலடி ஓசையைச் சேர்ப்பவர், தவறு இருக்கிறதா என்று நூறு முறை அதே படியில் ஏற்றிப் பார்ப்பவர் என ஒரு கூட்டமே உழைக்கிறது. கணக்குப் பிடிக்காததால் கேம் பக்கம் போகிறேன் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: நீங்கள் பயப்படும் வெக்டரும் மேட்ரிக்ஸும் அங்கேதான் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.

சரி, பிறர் விளையாடுவதற்குப் பொருள் செய்து கொடுப்பது ஒரு கிறிஸ்தவன் செய்யத் தகுந்த தொழிலா? மருத்துவர் நோய் தீர்க்கிறார், ஆசிரியர் அறிவு தருகிறார். இவன் என்ன தருகிறான்? என் மனத்திலும் இந்தக் கேள்வி இருந்தது. விடை நான் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் எழுதிய இறையியல் பெருநூலைக் குருமடத்தில் 'சும்மா' என்றே சுருக்கமாக அழைப்போம். (பெயரில்தான் சும்மா, தேர்வு எழுதியவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும்.) அதன் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதி, 168-ஆம் கேள்வியில், விளையாட்டில் ஒரு நற்பண்பு இருக்க முடியுமா என்று புனிதர் ஆராய்கிறார். உடல் களைத்தால் ஓய்வு வேண்டும். அதுபோல மனமும் களைக்கும். மனத்தின் ஓய்வு மகிழ்ச்சியில் இருக்கிறது என்கிறார். பழைய துறவியர் வழியாக வந்த ஒரு கதையையும் எடுத்துக்காட்டுகிறார். நற்செய்தியாளரான யோவான் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவரை அம்பு எய்யச் சொன்னார் யோவான். பலமுறை எய்த பிறகு, "இதை ஓயாமல் செய்துகொண்டே இருக்க முடியுமா?" என்று கேட்டார். "முடியாது, வில் ஒடிந்துவிடும்" என்றார் அவர். மனமும் அப்படியே என்பது யோவானின் பதில்.

அதோடு தோமா நிறுத்தவில்லை. அந்தக் காலத்தில் கூத்தாடிகளுக்கு நல்ல பெயர் கிடையாது. அவர்களைப் பற்றியும் அவர் எழுதுகிறார். மனித வாழ்வுக்கு விளையாட்டு தேவை. தேவையான ஒன்றுக்கு அதற்கென ஒரு தொழில் இருப்பதில் தவறில்லை. தகாத சொல்லும் செயலும் இல்லாமல், உரிய நேரத்தில், அளவோடு செய்தால் அத்தொழில் தன்னளவில் பாவம் அன்று. அப்படிப்பட்டவர்களுக்கு உரிய கூலி கொடுப்பவர்களும் நீதியானதையே செய்கிறார்கள் என்பது அவர் கருத்து. கூத்தாடி இருந்த இடத்தில் கேம் உருவாக்குபவனை வைத்து வாசித்துப் பாருங்கள். எண்ணூறு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான இந்தப் பதில் இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. எருசலேமுக்கு ஆண்டவர் வாக்களித்த மீட்பின் காட்சியில்கூட, அந்நகரின் தெருக்கள் விளையாடும் சிறுவர் சிறுமியரால் நிறைந்திருக்கும் என்றுதானே இறைவாக்கினர் சொல்கிறார் (செக் 8:5).

தோமா வைத்த நிபந்தனைகளுக்குப் போகுமுன், என்னை உலுக்கிய ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ரயன் கிரீன், ஏமி கிரீன் என்ற கிறிஸ்தவத் தம்பதியர். அவர்களுடைய மகன் ஜோயலுக்கு ஒரு வயதில் மூளைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சில மாதங்களே உயிரோடு இருப்பான் என்று கருதப்பட்ட குழந்தை ஐந்து வயதுவரை வாழ்ந்து, 2014-இல் இறந்தது. அந்த ஆண்டுகளைப் பெற்றோர் ஒரு வீடியோ கேமாகச் செய்தார்கள். 'தட் டிராகன், கேன்சர்' என்ற பெயரில் அது 2016 ஜனவரியில் வெளியானது.

அதில் மருத்துவமனையில் ஓர் இரவு வருகிறது. தாகத்தால் குழந்தை அழுகிறது. எதைக் குடித்தாலும் வாந்தி. விளையாடுபவர்தான் தந்தை. தூக்கிப் பார்க்கலாம், ஆட்டிப் பார்க்கலாம், பழச்சாறு கொடுத்துப் பார்க்கலாம். எதைச் செய்தாலும் அழுகை நிற்காது. மற்ற எல்லா விளையாட்டுகளிலும் சரியான பொத்தானை அழுத்தினால் வெற்றி. இங்கே அப்படி ஒரு பொத்தானே இல்லை. கடைசியில் தந்தை செபிக்கிறார், குழந்தை அமைதியாகிறது. அது உண்மையில் அவர்களுக்கு நடந்த இரவு. அந்த இரவில் கேட்டது கிடைத்தது; பின்னர் கேட்ட உயிர் கிடைக்கவில்லை. இரண்டையும் அந்தப் பெற்றோர் மறைக்கவில்லை. இறந்த குழந்தையின் வீட்டுக்குப் போய் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்ற நாள்கள் எனக்கு உண்டு. என் மறையுரைகளில் சொல்ல முடியாத ஒன்றை இந்த விளையாட்டு செய்திருக்கிறது என்று தோன்றியது.

நமக்கு நெருக்கமான இன்னொன்று 'வெண்பா'. கனடாவின் டொராண்டோவில் ஒரு சிறு குழு செய்தது; 2023 ஜூலையில் வந்தது. 1980-களின் இறுதியில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்து அழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் செய்வதுதான் ஆட்டம். தமிழ் பேசத் தயங்கும் மகனுக்கும் தாய்க்கும் நடுவே விழும் இடைவெளிதான் கதை. அதற்கு 2024-இல் பாஃப்டா அமைப்பின் முதல் படைப்புக்கான விருது கிடைத்தது. இதை அந்தத் தாயிடம் சொன்னபோது, "இட்லி ஊத்தறதுக்கு விருதா?" என்று சிரித்துவிட்டார். அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

இப்போது மறுபக்கம். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-ஆம் ஆண்டு உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியில், பொழுதுபோக்கு என்ற பெயரில் வன்முறையை உயர்த்திப் பிடித்து, மனிதப் பாலுணர்வை மலினப்படுத்தும் படைப்புகளைக் கடுமையாகக் கண்டித்தார். வீடியோ கேம்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். விளையாட்டுக்கு அடிமையாகும் நிலையை உலக சுகாதார அமைப்பு 2019-இல் நோய்ப்பட்டியலில் சேர்த்தது. 2022-இல் அது நடைமுறைக்கு வந்தது. என்ன கிடைக்கும் என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் 'லூட் பாக்ஸ்' பெட்டிகளைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் 2018-இல் முடிவு செய்தது.

இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் நம் பிள்ளைக்கு வேலை கிடைத்தால்? இங்கே ஒழுக்க இறையியல் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறது. தீய நோக்கத்தைத் தனதாக்கிக்கொண்டு ஒத்துழைப்பது எப்போதும் பாவம். அந்த நோக்கத்தில் உடன்பாடில்லாமல், தன் வேலை எங்கோ ஓரிடத்தில் தீமைக்குத் துணைபோக நேர்வது வேறு. அங்கே எவ்வளவு நெருக்கம், எவ்வளவு கட்டாயம் என்று எடைபோட வேண்டும். அந்த நிறுவனத்தில் கணக்கு எழுதுபவரும், பத்து வயதுக் குழந்தை தூங்கப் போகாமல் மீண்டும் மீண்டும் அப்பாவின் பணத்தில் பெட்டி வாங்குவதற்கென்றே திட்டமிட்டுக் கண்ணி அமைப்பவரும் ஒரே நிலையில் இல்லை. பின்னவருக்கு, 'மேலதிகாரி சொன்னார்' என்பது போதுமான சமாதானம் ஆகாது.

2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குதிஸ், வீடியோ கேமை விரும்பி விளையாடிய பிள்ளை. வாரத்திற்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே எல்லை வைத்துக்கொண்டார் என்பார்கள். கேம் செய்கிறவர்கள் அந்த ஒரு மணி நேரக் குழந்தையை மனத்தில் வைத்துச் செய்தால் நன்றாயிருக்கும். ஆனால் அவனை ஐந்து மணி நேரம் உட்காரவைப்பவருக்கே சம்பள உயர்வு கிடைக்கும் நிறுவனங்களும் உண்டு என்று நம் இளைஞர்கள் சொன்னார்கள்.

சோறு போடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். தாயின் கண்ணீர் அதற்காகத்தான். கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்றார் நம் ஆண்டவர் (லூக் 14:28-30). கணக்கு இதுதான். 2024 ஜனவரியில் மட்டும், விளையாட்டு உருவாக்கக் கருவி தயாரிக்கும் யூனிட்டி நிறுவனம் ஏறத்தாழ 1,800 பேரையும், மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரையும் வேலைநீக்கம் செய்வதாக அறிவித்தன. பிப்ரவரியில் சோனி சுமார் 900 பேர். வெளியீட்டு நாள் நெருங்கும்போது இரவு பகலாக, ஞாயிறும் பாராமல் உழைக்கவைக்கும் பழக்கத்துக்கு அத்துறையில் 'கிரஞ்ச்' என்று பெயரே இருக்கிறது. தனியாகச் செய்து விற்கலாமே என்றால், ஸ்டீம் என்ற ஒரு கடையில் மட்டும் 2024-இல் 18,000-க்கும் மேற்பட்ட புதிய விளையாட்டுகள் வந்து குவிந்தன. முன்பு சொன்ன கிரீன் தம்பதியரின் படைப்பையே பலர் யூடியூபில் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். வெளியாகி இரண்டு மாதம் கழித்தும் விற்பனையிலிருந்து தங்கள் கைக்கு ஒன்றும் வரவில்லை என்று ரயன் எழுதினார்.

நம் நாட்டில் வேலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1997-லேயே பெங்களூருவில் துருவா என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. புனேயில் ஒரு சிறு குழு செய்த 'ராஜி' 2020-இல் வெளியானது. ஆனால் சேர்ப்பவர்கள் சான்றிதழைவிட, "நீ செய்ததைக் காட்டு" என்றே கேட்கிறார்கள். இதை அறியாமல், வேலை உறுதி என்ற விளம்பரத்தை நம்பித் தாயின் நகையை அடகு வைத்து ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து, சான்றிதழோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் இளைஞர் ஒருவரையும் எனக்குத் தெரியும். நகை இன்னும் மீளவில்லை.

அடுத்த ஞாயிறு அவர்கள் வந்தார்கள், தந்தையும் வந்திருந்தார். நான் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லவில்லை. கணினி அறிவியலில் ஒரு பட்டம் முடித்தால் பல கதவுகள் திறந்திருக்கும். அதன்பின், விருப்பம் நிலைத்திருந்தால், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் விளையாட்டு வடிவமைப்புக்கென்றே இருக்கும் முதுநிலைப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம் என்றேன். பையனிடம், "பிளெண்டர், கோடோ இரண்டும் இலவசம். கல்லூரி திறப்பதற்குள் மறைக்கல்விப் பிள்ளைகளுக்காக ஏதாவது ஒன்றை முழுதாகச் செய்து முடி" என்றேன். தந்தை கேட்டது ஒன்றே ஒன்று: "முடிக்கலேன்னா?" "முடிக்கலேன்னா அதுவும் நமக்கு ஒரு பதில்தானே" என்றேன்.

நோவாவின் பேழையைத் தேர்ந்தெடுத்தான். கணினி அறிவியலிலும் சேர்ந்துவிட்டான். சென்ற மாதம் மடிக்கணினியோடு பங்கு இல்லத்துக்கு வந்தான். யானை ஏறும்போதெல்லாம் பேழையின் தரையைத் துளைத்துக்கொண்டு தண்ணீரில் விழுந்ததாம். சரிசெய்ய மூன்று இரவுகள் ஆயினவாம். அம்மா உடன் வந்திருந்தார். இன்னும் முழுவதும் சமாதானமாகவில்லை. ஆனால், ஒட்டகச்சிவிங்கியின் தலை கூரைக்கு வெளியே நிற்பதை எனக்கு முதலில் காட்டியவர் அவர்தான்.