மூடாத மடை

நாஞ்சில் நாட்டு விருந்துகள் வெற்றிலைத் தட்டத்தோடு நிறைவுறும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவை சேர்ந்த முறுக்கானை மென்று, அதனைக் கொடுப்பில் ஒதுக்கியபடியே வயல்வேலை பார்த்தவர்கள் பலர். இவ்வழக்கத்தின் விளைவை மருத்துவ உலகிற்கு முன்னதாகவே எடுத்துரைத்த ஊர்களுள் நம் மாவட்டத்து நெய்யூரும் ஒன்று. அன்று அவ்வூர் திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தது. அங்குள்ள மிஷன் மருத்துவமனையின் மருத்துவர் பென்டால், 1908இல் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பொன்றைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றுநோய் குறித்து மருத்துவர் இயான் ஆர் 1933இல் லான்செட் இதழில் எழுதினார். 1922, 1924ஆம் ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்டு சாமர்வெல்லும் இம்மருத்துவமனையில் பல்லாண்டுகள் அறுவை மருத்துவராக உழைத்தார்.

முறுக்கான் தங்கும் கன்னத்தில் புற்று ஏன் தோன்றுகிறது? செல்லுக்குள் நிகழ்வது யாது? அக்காலத்தில் இதற்கு விடை இல்லை. விடையின் முதல் இழை, புற்றுநோயோடு தொடர்பே இல்லாததாகத் தோன்றிய ஓர் ஆய்விலிருந்து கிடைத்தது.

அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோகன், சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தினார். இயல்பாக இரு வாரமளவில் கண் திறக்க வேண்டிய குட்டிகள், ஒரு வாரத்திலேயே கண் திறந்தன. பற்களும் முந்தி முளைத்தன. வேறொருவர் இதனைப் பொருட்படுத்தாது விட்டிருக்கக்கூடும். கோகன் விடவில்லை. காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்து 1962இல் அறிவித்தார். அதுவே மேல்தோல் வளர்ச்சிக் காரணி. நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி மொண்டால்சினியோடு, 1986இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வளர்ச்சிக் காரணி ஒரு செய்தி. அச்செய்தியைப் பெறச் செல்லின் படலத்தில் ஏற்பி என்னும் புரதம் உண்டு. அதன் ஒரு முனை வெளியே நீண்டிருக்கும். மறுமுனை உள்ளே நொதியாகச் செயற்படும். காரணி வந்து பற்றியதும் இரண்டு ஏற்பிகள் இணைகின்றன; ஒன்றின் உள்முனையில் மற்றொன்று பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அத்தூண்டல் புரதத்திற்குப் புரதம் கைமாறி உட்கருவை அடைய, செல் பிரியத் தொடங்குகிறது. பேச்சிப்பாறைத் தண்ணீர் மடை வழியே வயலுக்குப் பாய்வதை இதற்கு ஒப்பிடலாம். ஆயினும் உவமை முற்றும் பொருந்தாது: மடையில் நீரே உட்புகும், இங்கே உட்புகுவது செய்தி மட்டுமே. பொருந்தும் இடம் வேறு. வயல் நிறைந்ததும் மடையை அடைப்பதுபோல, வேலை முடிந்த ஏற்பியைச் செல் உள்ளிழுத்துச் சிதைத்துவிடுகிறது. திறப்பதைப் போலவே அடைப்பதும் வளர்ச்சியின் பகுதியே. கருவில் தோலும் இதயமும் உரிய அளவில் உருவாவது இவ்வொழுங்கினாலேயே.

கட்டியில் குலைவதும் இவ்வொழுங்கே. சில செல்களில் ஏற்பிக்கான மரபணு பல படிகளாகப் பெருகுகிறது. சிலவற்றில் திடீர்மாற்றத்தால், காரணி வராமலேயே ஏற்பி தூண்டப்பட்ட நிலையில் நின்றுவிடுகிறது. இன்னும் சில தமக்கு வேண்டிய காரணியைத் தாமே சுரந்துகொள்கின்றன. வாய்ப்புற்றுநோய்க் கட்டிகளுள் பெரும்பாலானவற்றில் மேல்தோல் வளர்ச்சிக் காரணியின் ஏற்பி மிகுந்திருக்கிறது. மார்பகப் புற்றுநோயாளிகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, அதன் உறவான ஹெர்-2 என்னும் ஏற்பி மிகுந்து காணப்படுகிறது.

ஏற்பியே குற்றவாளி எனில் அதனை அடைத்துவிடலாமே! அவ்வெண்ணத்தில் உருவானவையே ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரத மருந்துகள். ஹெர்-2 ஏற்பிக்கான டிராஸ்டுசுமாப் 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கியூபாவில் உருவான நிமோட்டுசுமாப்பை, தலை, கழுத்துப் புற்றுநோய்க்கெனப் பெங்களூருவின் பயோகான் நிறுவனம் 2006இல் இந்தியாவில் அறிமுகப்படுத்தியது.

இம்மருந்துகள் பலருக்கு வாழ்நாளை நீட்டித்துள்ளன. ஆனால் கட்டியில் உள்ள ஏற்பி அயலிலிருந்து வந்ததன்று. நம்மை உருவாக்கிய அதே ஏற்பி. மேல்தோல் வளர்ச்சிக் காரணியின் ஏற்பியை அடைக்கும் மருந்துகள் பலவற்றால் நோயாளியின் தோலில் பரு போன்ற தடிப்புகள் எழுகின்றன. தோலும் அதே செய்தியை நம்பியிருப்பதே காரணம். ஹெர்-2 இல்லாத சுண்டெலிக் கருக்கள், இதயம் சரிவர உருவாகாமல் பிறக்குமுன்பே இறந்ததை 1995இல் ஆய்வாளர்கள் கண்டனர். வளர்ந்த மனிதரின் இதயத்திற்கும் அவ்வேற்பி தேவைப்படுகிறது. எனவேதான் டிராஸ்டுசுமாப் பெறும் நோயாளிக்கு, மருத்துவம் தொடங்கும் முன்பும் இடையிடையேயும் எக்கோ ஆய்வின்வழி இதயத்தின் வலிமை அளக்கப்படுகிறது. அது குறைந்தால் மருந்து நிறுத்திவைக்கப்படுகிறது.