தயிர் சாப்பிட்டால் புற்றுநோய் ஓடிப்போகுமா?

"டாக்டர், தினமும் தயிர் சாப்பிட்டா கேன்சரே வராதாமே, நிஜமா?" புதுச்சேரியில் என்னிடம் வருகிற தாய்மார்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முழுசாக நம்பினால் ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன், கேளுங்கள்.

பாரிஸில் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மெட்ச்னிகாஃப், 1908-ல் நோபல் பரிசு பெற்றவர். புளித்த பால் முதுமையைத் தள்ளிப்போடும் என்று எழுதினார். நம் தேரையரோ, மோரில் நீரைப் பெருக்கிக் குடிக்கும்படி அதற்கு வெகுகாலம் முன்பே சொல்லிவிட்டார்.

குடலுக்குள் ஒரு தொழிற்சாலை

நாம் சாப்பிடும் கீரை, பயறு, சிறுதானியம் இவற்றின் நார்ச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்து, பியூட்டிரேட் என்ற பொருளைத் தயாரிக்கின்றன. குடலின் நல்ல செல்களுக்கு இதுதான் முக்கிய ஆகாரம். புற்று செல்களோ சர்க்கரையைத்தான் அதிகம் தின்னும், பியூட்டிரேட்டைச் செலவழிக்காது. அது உள்ளே தேங்கி, செல் பெருகுவதைத் தடுத்து, அழியவும் வைக்கிறது. நல்லவனுக்குச் சோறு, கெட்டவனுக்கு நஞ்சு! ஆனால் இது ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குடுவையில் கண்டது.

இன்னொன்று நிசின். பாலைப் புளிக்க வைக்கும் ஒருவகை நுண்ணுயிர் சுரப்பது. உணவு கெடாமல் இருக்க சீஸில் சேர்க்கிறார்கள். 2012-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை எலிகளுக்குக் கொடுத்தபோது, வாய், கழுத்துப் பகுதிப் புற்றுக் கட்டியின் வளர்ச்சி மட்டுப்பட்டது. கவனியுங்கள்: கொடுத்தது நிசின், தயிர் அல்ல, குணம் கண்டது எலி, மனிதர் அல்ல.

அப்படியானால் என்ன செய்யலாம்?

மதியம் ஒரு டம்ளர் நீர்மோர். கூடவே கீரை, பயறு, வாழைத்தண்டு என்று ஏதாவது ஒன்று. தயிரை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நார்ச்சத்தை ஒதுக்கினால், குடலில் இருக்கும் நுண்ணுயிர் பட்டினி கிடக்கும். புகையிலையை விடாமல் மோர் குடிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

இதை மறக்காதீர்கள்!

மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல் – இவற்றில் எது இருந்தாலும் "மோர் குடிச்சா சரியாயிடும்" என்று நாளைக் கடத்தாதீர்கள். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: முதலில் பரிசோதனை. புதுச்சேரிக்காரர்களுக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையும் அதன் புற்றுநோய் மையமும் பக்கத்திலேயே இருக்கின்றன.

கீமோதெரபி எடுத்துக்கொள்பவர்களுக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். அப்போது நல்ல நுண்ணுயிர்கூட ரத்தத்தில் கலந்து தொல்லை தரலாம். எனவே தயிரோ, புரோபயாடிக் மாத்திரையோ, நாங்கள் தரும் சூரணமோ, எதுவானாலும் சிகிச்சை தரும் டாக்டரைக் கேட்டுவிட்டே எடுங்கள்.