பத்து இடங்களில் ஒரு மாணவன்

அமெரிக்க சர்வகலாசாலைகளில் சேர விரும்பும் மாணவர்களில் ஏராளமானோர் 'காமன் அப்ளிகேஷன்' என்ற பொது விண்ணப்பத்தின் வழியாகவே அங்கே பிரவேசிக்க முயல்கிறார்கள். 1975ஆம் ஆண்டில் 15 கல்லூரிகள் கூடித் தொடங்கி, இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வி ஸ்தாபனங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் அவ்விண்ணப்பத்தில், மதிப்பெண் விவரங்களுக்கும் சொந்தக் கட்டுரைக்கும் அப்பால், மாணவன் வகுப்பறைக்கு வெளியே தன் பொழுதை எவ்விதம் செலவிட்டான் என்பதைக் குறிப்பதற்கென்று பத்து இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு காரியத்தையும் 150 எழுத்துக்குறிகளுக்குள் விவரிக்க வேண்டும். வாரத்தில் எத்தனை மணி நேரம், வருஷத்தில் எத்தனை வாரம் என்ற கணக்கையும் தர வேண்டும். பிளஸ் டூ கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று கூட்டி, 200க்கு எவ்வளவு என்ற 'கட்-ஆஃப்' ஒன்றினாலேயே பெரும்பாலும் பொறியியல் இடங்கள் நிர்ணயமாவதைக் கண்டு பழகிய தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு, பிள்ளை வயலின் வாசிப்பதையும் பந்தாடுவதையும் ஒரு சர்வகலாசாலை ஏன் விசாரிக்கிறது என்ற வியப்பு எழுவது சகஜமே.

காரணம் வெகு தூரத்தில் இல்லை. 2022ஆம் ஆண்டில் ஹார்வர்டுக்கு 61,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அனுமதி கிடைத்ததோ 2,000 பேருக்கும் குறைவாகவே. விண்ணப்பித்தவர்களில் மதிப்பெண்ணில் சிறந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவனை எடுத்து இன்னொருவனை விலக்குவது இயலாத காரியம். மேலும் அக்கல்லூரிகள் மாணவர்கள் சேர்ந்து வசிக்கும் இடங்கள். அங்கே பத்திரிகை நடத்துவோரும், நாடகம் போடுவோரும், வாத்திய கோஷ்டியில் வாசிப்போரும் மாணவர்களே. ஆகையால், வரப்போகிற பிள்ளை என்ன கற்றிருக்கிறான் என்பதோடு, தானாக எதில் மனம் வைக்கிறான் என்பதையும் அவர்கள் அறிய விரும்புகிறார்கள்.

ஆனால் இவ்வழக்கத்தின் பூர்வ சரித்திரம் அவ்வளவு நிர்மலமானதன்று. அதை மறைத்துவிட்டு இதன் மேன்மையைப் பேசுவது நேர்மையாகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு போன்ற கல்லூரிகள் பெரும்பாலும் பரீட்சையைக் கொண்டே மாணவர்களைச் சேர்த்து வந்தன. குடியேறிய எளிய குடும்பங்களைச் சேர்ந்த யூதப் பிள்ளைகள் அப்பரீட்சைகளில் நன்றாகத் தேறி, 1922 வாக்கில் ஹார்வர்டின் புது மாணவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆனபோது, அதன் தலைவராக இருந்த ஆபட் லாரன்ஸ் லோவெல் அவர்களுடைய தொகைக்கு ஒரு வரம்பு கட்ட முனைந்தார். வெளிப்படையான அந்த ஏற்பாட்டுக்கு எதிர்ப்புக் கிளம்பவே, 1926இல் வேறொரு வழி பிறந்தது. புது மாணவர் தொகை 1,000 என்று நிர்ணயிக்கப்பட்டது. பரீட்சையோடு குணம், தோரணை, தலைமைப் பண்பு முதலியவையும் கவனிக்கப்படும் என்று ஆயிற்று. விண்ணப்பத்தோடு புகைப்படமும் கேட்கப்பட்டது. இன்ன சமூகத்தாரை விலக்குகிறோம் என்று எழுத்தில் எங்கும் சொல்லாமலே யூத மாணவர்களின் தொகையைக் குறைக்க அது உதவிற்று. மனிதனை முழுமையாகப் பார்க்கிறோம் என்று சொல்லித் தொடங்கிய முறை, வேண்டாதவனை விலக்கும் உபாயமாகவும் பயன்பட்டது என்பதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அவ்வாறு விலக்கப்படுகிறோமோ என்ற சந்தேகம் நம் காலத்திலும் தீரவில்லை. 2014இல் ஹார்வர்டின் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், அங்கே ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் கல்வி, பிற ஈடுபாடுகள், விளையாட்டு, குணநலன் என்ற நான்கு தலைப்புகளில் தரம் இடப்படுவது வெளியாயிற்று. ஆசிய வம்சாவளி மாணவர்கள் முதல் இரண்டிலும் சராசரியாக வெள்ளையரைவிட உயர்ந்து நின்றும், அளக்க இயலாத குணநலன் என்ற தலைப்பில் தாழ்ந்திருந்தார்கள். 2023 ஜூனில் அவ்வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இனத்தைக் கருதிச் சேர்க்கும் முறையைத் தடுத்ததே அல்லாமல், ஈடுபாடுகளைக் கருதும் முறையைத் தொடவில்லை.

பணத்தின் செல்வாக்கும் இதில் புகுந்திருக்கிறது. 2019 மார்ச்சில் அம்பலமான 'வார்சிட்டி புளூஸ்' விவகாரத்தில், படகு வலித்தே அறியாத பிள்ளைகள் படகோட்டிகள் என்று காட்டப்பட்டார்கள். அதற்கென்று புகைப்படங்கள் ஜோடிக்கப்பட்டன. பயிற்சியாளர்கள் சிலருக்கு லஞ்சம் போயிற்று. அதை முன்னின்று நடத்திய ரிக் சிங்கருக்கு 2023இல் மூன்றரை வருஷச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சட்டத்துக்கு உட்பட்டே நடக்கும் காரியங்களும் மனத்துக்கு உகந்தவை அல்ல. பெருந்தொகை பெற்றுக்கொண்டு பிள்ளையின் பெயரில் ஒரு சேவைச் சங்கம் ஆரம்பித்துக் கொடுப்போரும், விடுமுறையில் வெளிநாட்டுக் கிராமம் ஒன்றுக்கு அழைத்துப் போய்ச் 'சேவை' செய்ததாகச் சான்றிதழ் வாங்கித் தருவோரும் இருக்கிறார்கள். ஏழைப் பிள்ளைக்கு இவ்வழியில் இடமேது?

இக்குறையை அங்குள்ள கல்வியாளர்களும் உணர்ந்திருக்கிறார்கள். 2016இல் ஹார்வர்டின் கல்வியியல் பள்ளியிலிருந்து வெளியான ஓர் அறிக்கை, ஈடுபாடுகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் ஆழமே முக்கியமென்றும், குடும்பத்துக்காக உழைப்பதும் பிறருக்குச் செய்யும் தொண்டுக்குச் சமமாக மதிக்கத் தக்கதென்றும் வற்புறுத்தியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் பத்து இடங்கள் தராமல், மாணவனுக்கு முக்கியமான நான்கை மட்டும் குறிக்கச் சொல்கிறது. இதுவே சரியான போக்கு என்பது என் திடமான அபிப்பிராயம். எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே மிருதங்கத்தை விடாமல் வாசித்து வந்தவனுடைய சிரத்தையில் தெரிகிற மனிதன், ஒவ்வொன்றிலும் இரண்டு மாதம் சேர்ந்து பத்துச் சங்கங்களின் பெயரைத் திரட்டியவனிடத்தில் தெரிவதில்லை.

இங்கிலாந்தின் வழி வேறு. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் பாடத்தையே பிரதானமாகக் கொள்கின்றன. சரித்திரம் படிக்க வருபவன் கிரிக்கெட் அணியின் தலைவனா என்பதைக் காட்டிலும், பாடப் புத்தகத்துக்கு வெளியே என்னென்ன சரித்திர நூல்களைத் தேடிப் படித்தான், அவற்றைக் குறித்து என்ன யோசித்தான் என்பதே அங்கே விசாரிக்கப்படும்.

அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் அந்தப் பத்து இடங்களையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று கலங்குகிறார்கள். அப்படி ஒரு நிர்ப்பந்தம் இல்லை. அவ்விண்ணப்பத்திலேயே, தேர்ந்தெடுக்கத் தரப்பட்டுள்ள வகைகளுள் குடும்பப் பொறுப்பு என்று ஒன்றும், ஊதியத்துக்குச் செய்த வேலை என்று மற்றொன்றும் இருக்கின்றன. காலையில் தம்பி தங்கையரைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மாலையில் தகப்பனாரின் மளிகைக் கடையில் நின்று கணக்கு எழுதும் ஒரு பெண், இதெல்லாம் சொல்லத் தக்கதா என்று கூசி அதை விட்டுவிட்டு, இரண்டு நாள் போய்வந்த ஒரு முகாமின் சான்றிதழைத் தேடி எடுக்க வேண்டியதில்லை. கடையில் நிற்கும் மணி நேரத்தை உள்ளபடி எழுதலாம். கடைக்கு விடுமுறை கிடையாது என்றால், வருஷத்துக்கு 52 வாரம் என்றே எழுதலாம்.