பட்டைக்குள்ளே குண்டூசித் துளை – யார் போட்டது?

(வானொலி உரை)



மாந்தோப்பிலே ஒரு கிளை காய்ந்துகொண்டு வருகிறது. அடிமரத்தைப் பார்த்தால் குண்டூசியால் குத்தினாற்போல வரிசையாகத் துளைகள். துளை வாயிலே கொஞ்சம் மரத்தூள். "தண்டுத் துளைப்பான்தான், மருந்தை ஊத்துங்க" என்பார் அடுத்த தோட்டக்காரர். அவசரப்படாதீங்க. தண்டுத் துளைப்பான் வெளியேறிய துளையில் சுண்டுவிரல் நுழையும். இந்தத் துளையோ ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான். ஆளும் வேறு, வைத்தியமும் வேறு.

இது பட்டை வண்டு. பெரும்பாலானவை எள்ளு அளவுகூட வராது. முன்பு இதைத் தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். இப்போது கூன்வண்டுக் குடும்பத்தின் ஒரு பிரிவாகச் சேர்த்துவிட்டார்கள். தென்னையைத் துளைக்கிற சிவப்புக் கூன்வண்டுக்கு இது தூரத்துப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மூக்குதான் நீளமில்லை.

துளை உள்ள இடத்தில் கத்தியால் பட்டையைக் கொஞ்சம் சீவி, கைலென்ஸில் பாருங்க. உடம்பு சின்ன உருளை மாதிரி இருக்கும். மேலேயிருந்து பார்த்தால் தலை தெரியாது. முக்காடு போட்டாற்போல முன்முதுகு மூடியிருக்கும். உணர்கொம்பு குட்டையாக, முழங்கை போல மடங்கி, நுனியில் ஒரு குமிழோடு இருக்கும். பல இனங்களுக்குப் பின்பக்கம் சரிவாக இறங்கி, அதில் சின்னச் சின்ன முள் இருக்கும். தூளை வெளியே தள்ள அதுதான் மண்வெட்டி! கறுப்பு ஒன்று, வெளிர்பழுப்பு ஒன்று கிடைத்தால் இரண்டு ஜாதி என்று எண்ண வேண்டாம். புதிதாகப் பிறந்தது வெளிறித்தான் இருக்கும். புழு வெள்ளையாக, காலில்லாமல் வளைந்து கிடக்கும்.

பட்டைக்கடியில் காகிதம் போலத் தட்டையாக, நீள மீசையோடு ஓடுகிற வண்டும் அகப்படும். அது வேறு குடும்பம். அதில் சிலது பட்டை வண்டின் புழுவையே தின்னும். அதை விட்டுவிடுங்க.

இனி சுரங்கத்தைப் பார்க்கணும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாய்ச் சுரங்கமும், அதிலிருந்து கிளை பிரிந்த புழுச் சுரங்கங்களும் தூள் அடைத்துக் கிடந்தால், அது உள்பட்டையைத் தின்கிற வகை. துளை நேரே கட்டைக்குள் இறங்கி, உள்சுவர் கறுத்து, தூளில்லாமல் சுத்தமாக இருந்தால் அது காளான் வளர்க்கிற வகை. ஆமாங்க, இதுவும் ஒரு விவசாயிதான்! காளான் விதையைத் தன் உடம்பிலுள்ள பையிலே கொண்டுவந்து சுரங்கச் சுவரில் விதைக்கிறது. தாயும் பிள்ளைகளும் அதைத்தான் தின்கின்றன. சில இனங்களில் தூள் ஊதுபத்திச் சாம்பல் போலக் குச்சிகுச்சியாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

கட்டையையே தின்னாத பூச்சிக்கு மேலே மருந்தடித்து என்ன பிரயோசனம்? உள்ளே போய்விட்ட பிறகு தெளிப்பு எட்டுவதில்லை. காசுதான் கரையும்.

பெரும்பாலும் இது சீக்காளி மரத்தைத் தேடித்தான் வரும். வாடிய மரம் விடுகிற சாராய வாடை அதற்கு அழைப்பு. ஆகவே மரம் ஏன் நலிந்தது என்று முதலில் பாருங்க: தண்ணீர்க் குறைவா, தேங்கிய நீரா, ஏரில் வேர் அறுந்ததா? தாக்கிய கிளையை நல்ல பாகம் வரை வெட்டி, தாமதிக்காமல் எரித்துவிடணும். வெட்டிய பச்சை விறகைத் தோப்போரம் அடுக்கி வைக்காதீங்க. வீட்டு நிலைக்கதவில் மாவு கொட்டுகிறதே, அது காய்ந்த மரத்துப் பூச்சி. இதோடு சேர்க்க வேண்டாம்.

விதிவிலக்கும் உண்டு. தேயிலையில் 'ஷாட் ஹோல் போரர்' நல்ல செடியின் கிளையையே துளைக்கும். 1990-இல் நீலகிரி மாவட்டம் கூடலூரில் நம் நாட்டிலே முதன்முதலாகத் தென்பட்ட காபிக் காய்த்துளைப்பானும் இந்தக் கூட்டம்தான். அது பட்டையை விட்டுக் காய்க்குள் குடிபோனது.

சந்தேகமிருந்தால் நாலைந்து வண்டை ஸ்பிரிட் ஊற்றிய சின்னப் பாட்டிலில் போட்டு, துளையுள்ள ஒரு சாண் கிளையோடு வேளாண்மை அலுவலகத்துக்குக் கொண்டு போங்க. வண்டு மட்டும் போதாது, கிளையும் வேண்டும்.